மயக்கம் தெளிஞ்சாச்சு... தசைகள் தெளிஞ்சாச்சா? உடல் பருமன் உள்ளவர்களின் ஆபரேஷனில் யாரும் கேட்காத கேள்வி

மயக்க மருந்து என்றால் தூங்க வைக்கும் மருந்து என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாதிதான் சரி. முழு மயக்கம் கொடுக்கும்போது தூக்கத்துக்கு ஒரு மருந்து, வலிக்கு ஒரு மருந்து போகும். அவற்றோடு மூன்றாவதாக இன்னொன்றும் போகும். அதைப் பற்றி நோயாளியிடம் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. உடம்பிலுள்ள தசைகளைத் தற்காலிகமாகச் செயலிழக்க வைக்கும் மருந்து அது. ஆங்கிலத்தில் 'மசில் ரிலாக்ஸன்ட்' என்று மென்மையாகப் பெயர் வைத்துவிட்டார்கள். ஸ்பா விளம்பரம் மாதிரி இருக்கிறது. உண்மையில் அது செய்வது பக்கவாதம் போல ஒரு முடக்கம். கை அசையாது, கண் திறக்காது, மூச்சு விடும் தசையும் வேலை செய்யாது. அந்த நேரத்தில் உங்களுக்காக மூச்சு விடுவது வென்டிலேட்டர்.

இந்த மருந்து இல்லாமல் வயிற்றுக்குள் பெரிய ஆபரேஷன் செய்வது மிகவும் சிரமம். தொண்டைக்குள் டியூப் போடுவதற்கும் தேவை, லேப்ராஸ்கோப்பியில் வயிற்றை காற்றால் உப்பவைத்து இடம் உண்டாக்குவதற்கும் தேவை. அதனால் அதைக் கொடுப்பதில் தவறே இல்லை. நம்முடைய கேள்வி வேறு. ஆபரேஷன் முடிந்ததும் அந்த முடக்கம் முழுசாக நீங்கிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? நோயாளி 120 கிலோ எடை உள்ளவர் என்றால் இந்தக் கேள்வியின் கனம் இன்னும் கூடுகிறது.

இது யாருக்கோ நடக்கிற விஷயம் இல்லை. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் 2019-21 சுற்றுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவிகிதம் பேருக்கும், ஆண்களில் 37 சதவிகிதம் பேருக்கும் பி.எம்.ஐ. 25 அல்லது அதற்கு மேல். இந்திய அளவில் இது 24, 22.9 சதவிகிதம்தான். இவர்கள் எல்லோரும் பேரியாட்ரிக் ஆபரேஷனுக்குப் போகப்போவதில்லை. ஆனால் பித்தப்பைக் கல், குடலிறக்கம், கர்ப்பப்பைக் கட்டி, சைனஸ் என்று ஏதாவது ஒன்றுக்கு தியேட்டர் டேபிளில் படுக்க வேண்டி வரலாம்.

நாற்காலிப் போட்டி

நரம்பு தசைக்கு 'அசை' என்று சொல்வது அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் மூலமாக. தசையின் மேல் அது உட்கார சின்னச் சின்ன நாற்காலிகள் இருக்கின்றன. அசிட்டைல்கோலின் உட்கார்ந்தால் தசை சுருங்கும். ரோகுரோனியம், வெகுரோனியம், அட்ராகுரியம் மாதிரி மருந்துகள் அந்த நாற்காலிகளில் முன்னாடியே போய் உட்கார்ந்துகொள்ளும். கர்சீப் போட்டு பஸ் சீட் பிடிக்கிற கதைதான். தூது வந்தும் உட்கார இடமில்லை, தசை அசையாது.

தென் அமெரிக்கப் பழங்குடிகள் அம்பு முனையில் தடவிய குராரே விஷம்தான் இந்த மருந்துக் குடும்பத்தின் முன்னோடி. 1942 ஜனவரியில் கனடாவின் மான்ட்ரியலில் ஹெரால்டு கிரிஃபித், எனிட் ஜான்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் அதை மயக்க மருந்தோடு சேர்த்துப் பயன்படுத்தினார்கள். அறுவை சிகிச்சையின் போக்கே மாறியது. ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் எச்சரிக்கை மணியும் அடித்தது. 1954-ல் பீச்சர், டாட் என்ற இருவர் அமெரிக்காவின் பத்து மருத்துவமனைகளில் கிட்டத்தட்ட ஆறு லட்சம் மயக்க மருந்துக் கேஸ்களை அலசி வெளியிட்ட கணக்கில், தசை முடக்கி கொடுக்காதவர்களில் மயக்க மருந்து சார்ந்த மரணம் 2,100-க்கு ஒன்று. கொடுத்தவர்களில் 370-க்கு ஒன்று. இன்று நிலைமை வெகுவாக மாறிவிட்டது என்றாலும், 'கொடுத்ததை முழுசாக எடுத்தோமா?' என்ற கேள்வி அன்றிலிருந்து கூடவே வருகிறது.

'தலையைத் தூக்குங்க' போதுமா?

ஆபரேஷன் முடியும்போது மயக்க டாக்டர், "கண்ணைத் திறங்க... நாக்கை நீட்டுங்க... தலையைத் தூக்கி அஞ்சு செகண்ட் பிடிங்க" என்று சொல்வார். நோயாளி செய்தால், தசைகள் திரும்பிவிட்டன என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு டியூபை எடுப்பார். பல தலைமுறையாக நடக்கிற வழக்கம் இது. சிக்கல் என்னவென்றால், நாற்காலிகளில் கணிசமான பகுதி இன்னும் மருந்திடமே இருக்கும்போதும் ஒருவரால் தலையைத் தூக்க முடியும். கையை இறுக்கிப் பிடிக்கவும் முடியும். ஆனால் தொண்டைத் தசைகளுக்கு முழு பலம் வந்திருக்காது. எச்சிலைச் சரியாக விழுங்க முடியாது, நன்றாக இருமிச் சளியை வெளியே தள்ள முடியாது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் 'வேகமா மூச்சு விடு' என்று மூளையைத் தட்டி எழுப்பும் அனிச்சையும் மந்தமாக இருக்கும்.

உண்மையான பலத்தை அளக்க ஒரு வழி 1970-லேயே வந்துவிட்டது. லிவர்பூலில் அலி, அட்டிங், கிரே என்பவர்கள் விவரித்த 'ட்ரெயின் ஆஃப் ஃபோர்' முறை. மணிக்கட்டில் இரண்டு ஸ்டிக்கர் ஒட்டி, இரண்டு நொடியில் நான்கு சின்ன மின்தூண்டல்கள் கொடுப்பார்கள். கட்டை விரல் நான்கு முறை துடிக்க வேண்டும். மருந்து மிச்சம் இருந்தால் முதல் துடிப்பைவிட நான்காவது பலவீனமாக இருக்கும். நான்காவதை முதலாவதால் வகுத்தால் வரும் எண்தான் முக்கியம். அது 0.9-ஐத் தொட்டால்தான் டியூபை எடுக்கலாம் என்பது இன்று பல நாடுகளின் வழிகாட்டுதல்கள் ஏற்றுக்கொண்ட அளவு.

இதைக் கண்ணால் பார்த்தோ கையால் தொட்டோ கணிக்க முடியாதா? முடியாது. அந்த எண் 0.4-ஐத் தாண்டிவிட்டால், அனுபவம் உள்ள விரலுக்குக்கூட நாலும் ஒரே மாதிரிதான் தெரியும். 0.4-க்கும் 0.9-க்கும் நடுவில் இருப்பது ஒரு இருட்டுப் பகுதி. அதைக் காட்டுவது எண்ணாகக் காட்டும் கருவி மட்டும்தான்.

இருட்டுப் பகுதியில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? 2015-ல் வெளியான கனடாவின் 'ரிசைட்' ஆய்வில், டியூப் எடுக்கும் தருணத்தில் 63.5 சதவிகிதம் பேருக்கு எண் 0.9-ஐத் தொடவில்லை. அமெரிக்காவில் நடந்த அதே மாதிரி ஆய்விலும் கிட்டத்தட்ட அதே கதை. "எப்பவோ ஒரு டோஸ்தான் கொடுத்தோம், ரெண்டு மணி நேரம் ஆச்சு, தானா கழிஞ்சிருக்கும்" என்று விடுவதும் ஆபத்தே. பிரான்ஸில் டிபேன் குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒரு டோஸ் வாங்கி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனவர்களிலும் 37 சதவிகிதம் பேர் 0.9-க்குக் கீழே இருந்தார்கள்.

எடை கூடினால் ஏன் பயம் கூடுகிறது?

ஒல்லியானவருக்கு இந்த மிச்ச மருந்து தொந்தரவுதான், ஆனால் பெரும்பாலும் சமாளித்துவிடுவார். உடல் பருமன் உள்ளவருக்கு அந்த சமாளிப்பு இடைவெளி மிகக் குறைவு.

படுத்த நிலையில் வயிற்றின் எடை உதரவிதானத்தை மேலே தள்ளும். மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் மிச்சம் நிற்கும் காற்று, அதாவது அவசரத்துக்கு வைத்திருக்கும் ஆக்சிஜன் சேமிப்பு, சுருங்கிவிடும். 1991-ல் வெளியான ஓர் ஆய்வில், முழுசாக ஆக்சிஜன் கொடுத்த பிறகு மூச்சை நிறுத்தியபோது, சராசரி எடை உள்ளவர்களின் ரத்த ஆக்சிஜன் 90 சதவிகிதத்துக்கு இறங்க சுமார் 6 நிமிடம் ஆனது. மிகையான பருமன் உள்ளவர்களுக்கு 3 நிமிடம்கூட ஆகவில்லை. பெட்ரோல் ரிசர்வில் ஓடுகிற வண்டி மாதிரிதான்.

அதோடு குறட்டை. எடை அதிகம் உள்ள பலருக்குத் தூக்கத்தில் மூச்சு அடைபடும் ஸ்லீப் ஆப்னியா இருக்கிறது. அது தங்களுக்கு இருப்பதே பலருக்குத் தெரியாது. வீட்டில் 'குறட்டைவிடுறார்' என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். கழுத்தைச் சுற்றியுள்ள கொழுப்பால் ஏற்கெனவே குறுகிய தொண்டை அது. விழித்திருக்கும்போது அதைத் திறந்து வைத்திருப்பது தொண்டைத் தசைகளின் பலம்தான். மிச்ச மருந்து முதலில் கை வைப்பதும் அதே தசைகள் மேல்தான். ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் வலி மருந்தின் மயக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

நோயாளியின் பக்கத்திலிருந்து இதை யோசித்துப் பாருங்கள். நினைவு திரும்பிவிட்டது. சத்தம் கேட்கிறது. மூச்சு போதவில்லை என்று தெரிகிறது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லப் பலம் இல்லை. ரெக்கவரி ரூமில் அவர் கையை உதறுவதைப் பார்ப்பவர்களுக்கு அது 'மயக்கக் கலக்கம்' மாதிரி தெரியலாம்.

பழைய மருந்தும் ஒரு வடையும்

முடக்கத்தை எடுக்கப் பல வருஷமாக நம்மிடம் இருப்பது நியோஸ்டிக்மின். அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை அது தடுக்கும். அசிட்டைல்கோலின் குவிந்து, எண்ணிக்கை பலத்தில் நாற்காலிகளைப் பிடிக்கும். நல்ல மருந்து, மிக மலிவு. ஆனால் அதற்கு ஒரு உச்சவரம்பு உண்டு. நாற்காலிகளில் பெரும்பாலானவற்றைத் தசை முடக்கி பிடித்திருந்தால், எவ்வளவு நியோஸ்டிக்மின் கொடுத்தாலும் கூட்டம் சேர்க்க முடியாது. இதயத் துடிப்பைக் குறைக்கும், சளியைக் கூட்டும் என்பதால் கூடவே கிளைக்கோபைரோலேட்டும் கொடுக்க வேண்டும்.

பருமனானவர்களிடம் இது இன்னும் மெதுவாக வேலை செய்கிறது. ஜப்பானில் பெண்களிடம் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், நியோஸ்டிக்மின் கொடுத்த பிறகு 0.9-ஐத் தொட சராசரி எடை உள்ளவர்களுக்கு சுமார் 7 நிமிடம் ஆனது. எடை கூடியவர்களுக்கு 15, உடல் பருமன் உள்ளவர்களுக்கு 26. கொடுத்த ஐந்தாவது நிமிடம் டியூபை எடுக்கும் அவசரத்தில் இருக்கும் தியேட்டரில் இந்த 26 நிமிடத்துக்கு என்ன மதிப்பு? இன்னொன்று, நியோஸ்டிக்மினுக்கு மொத்தம் 5 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்ற எல்லையும் இருக்கிறது. 120 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் அந்த எல்லை சட்டென்று வந்துவிடும்.

புது மருந்தின் பெயர் சுகமாடெக்ஸ். 'சு' என்பது சர்க்கரையைக் குறிக்கும் 'சுகர்'. மீதி, காமா சைக்ளோடெக்ஸ்ட்ரின். ஸ்காட்லாந்தில் இருந்த ஆர்கனான் ஆய்வகத்தில், ரோகுரோனியத்தைக் கரைக்க ஒரு பொருளைத் தேடியபோது கிடைத்த யோசனை இது. எட்டு சர்க்கரை அலகுகள் வட்டமாகக் கைகோத்து நிற்கும் மூலக்கூறு, நம்ம மெதுவடை மாதிரி. நடுவிலுள்ள ஓட்டையில் ரோகுரோனியம் போய் கச்சிதமாக உட்கார்ந்துவிடும், வெளியே வராது. நாற்காலிப் போட்டியெல்லாம் கிடையாது, போட்டியாளரையே தூக்கிக்கொண்டு போய்விடும். சிறுநீர் வழியாக வெளியேறும். ஐரோப்பாவில் 2008-ல் அனுமதி கிடைத்தது. அமெரிக்க எஃப்.டி.ஏ. ஒவ்வாமை, ரத்தக் கசிவு சந்தேகங்களால் தயங்கி, 2015 டிசம்பரில்தான் அனுமதித்தது.

போலந்தில் மிகையான பருமன் உள்ளவர்களிடம் நடத்தி 2012-ல் வெளியான ஒப்பீட்டில், 0.9-ஐத் தொட சுகமாடெக்ஸுக்கு சராசரியாக 2.7 நிமிடமும், நியோஸ்டிக்மினுக்கு 9.6 நிமிடமும் ஆனது. ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது: இந்த வடை ரோகுரோனியம், வெகுரோனியத்துக்கு மட்டும்தான். நம் ஊரில் பரவலாகப் பயன்படும் அட்ராகுரியம் இந்த ஓட்டைக்குள் போகாது. அதற்கு நியோஸ்டிக்மின்தான்.

எந்த எடைக்கு டோஸ்?

இங்கேதான் சண்டை ஆரம்பம். 165 செ.மீ. உயரம், 120 கிலோ எடை உள்ள ஒரு ஆணை எடுத்துக்கொள்வோம். பி.எம்.ஐ. 44. உயரத்திலிருந்து 100-ஐக் கழிக்கும் எளிய கணக்கில் அவருடைய 'இருந்திருக்க வேண்டிய எடை' 65 கிலோ. மீதி 55 கிலோவில் பெரும்பகுதி கொழுப்பு.

ரோகுரோனியம் கொழுப்புக்குள் அதிகம் போகாது. அதனால் அதை 65 கிலோவுக்குத்தான் கணக்கிட வேண்டும். 120-க்குக் கணக்கிட்டால் முடக்கம் தேவைக்கு மேல் நீளும். இதுவரை பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எடுக்கும் மருந்துக்கு வரும்போது நிறுவனத்தின் அச்சிட்ட குறிப்பு, உண்மையான எடைக்கே கொடுங்கள் என்கிறது. ஓரளவு துடிப்பு திரும்பியிருந்தால் கிலோவுக்கு 2 மில்லிகிராம். முடக்கம் ஆழமாக இருந்தால் கிலோவுக்கு 4.

நம்ம ஆளுக்கு 2 வீதம் என்றால் 240 மில்லிகிராம். சின்ன குப்பி 200 மில்லிகிராம். புரிகிறதா? ஒரு குப்பி போதாது, இரண்டாவதைத் திறக்க வேண்டும். 65 கிலோ கணக்கு என்றால் 130 மில்லிகிராம், ஒரே குப்பியில் முடிந்து மிச்சமும் இருக்கும்.

குறைந்த டோஸ் தரப்பின் வாதத்தில் அர்த்தம் இல்லாமல் இல்லை. ஒரு மூலக்கூறு வடை ஒரு மூலக்கூறு ரோகுரோனியத்தைப் பிடிக்கும். எடைக் கணக்கில் ஒரு மில்லிகிராம் ரோகுரோனியத்துக்கு சுமார் 3.6 மில்லிகிராம் சுகமாடெக்ஸ். 65 கிலோவுக்கு ரோகுரோனியம் 39 மில்லிகிராம் கொடுத்திருந்தால், அத்தனையையும் பிடிக்கவே 140 மில்லிகிராம் போதும். அதிலும் ஒரு பகுதி ஏற்கெனவே கழிந்திருக்கும். பெல்ஜியத்தில் 2011-ல் வெளியான ஆய்வு, 'இருந்திருக்க வேண்டிய எடை'யோடு 40 சதவிகிதம் கூட்டிக் கொடுத்தால் உண்மையான எடைக்குக் கொடுப்பதோடு ஒப்பிடும்படி வேலை செய்கிறது என்றது.

பேப்பரில் கணக்கு அழகாக வருகிறது. ஆனால் நீண்ட ஆபரேஷனில் ரோகுரோனியத்தை ஒரு தடவையோடு நிறுத்த மாட்டார்கள். நடுவில் 10, 20 என்று சேர்ந்துகொண்டே போகும். டோஸ் குறைந்தால் ரத்தத்தில் இருப்பதை மட்டும் வடை பிடித்துவிடும், எண் 0.9-ஐத் தாண்டும். பிறகு உடம்பின் மற்ற இடங்களில் இருக்கும் ரோகுரோனியம் மெதுவாகத் திரும்பி ரத்தத்துக்கு வரும்போது அதைப் பிடிக்க வடை மிச்சம் இருக்காது. 2011-ல் கனடா மயக்கவியல் இதழில் வெளியான ஒரு கேஸில், உடல் பருமன் உள்ள நோயாளிக்குப் பரிந்துரையைவிடச் சற்றுக் குறைந்த டோஸில் பலம் திரும்பி, சில நிமிடங்களில் முடக்கம் மறுபடியும் வந்தது. அரிதுதான். ஆனால் டியூபை எடுத்த பிறகு வருகிற அரிது அது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கருவியில் எண்ணைப் பார்த்துக்கொண்டே, தேவைப்பட்டால் இரண்டாவது குப்பியைத் திறக்கும் மனநிலையோடு ஒரு மயக்க டாக்டர் குறைந்த டோஸில் தொடங்கினால் அது மருத்துவ முடிவு. கருவியே இல்லாத தியேட்டரில், இரண்டாவது குப்பியின் பில்லை நினைத்து டோஸைக் குறைத்தால் அது சூதாட்டம். கருவி இல்லாத இடத்தில் உண்மையான எடைக்கே கொடுப்பதுதான் நியாயம். குப்பியின் அளவு டோஸைத் தீர்மானிக்கக் கூடாது.

மருந்து வாங்கிவிட்டால் போதுமா?

"நாங்க இப்ப சுகமாடெக்ஸ் போடுறோம், அதனால மானிட்டர் தேவையில்லை" என்ற பேச்சு இப்போது கேட்க ஆரம்பித்திருக்கிறது. ஜப்பானில் 2013-ல் வெளியான ஆய்வு இதற்கு நேரடிப் பதில். கருவியில் அளக்காமல் சுகமாடெக்ஸ் கொடுத்தவர்களில் 4.3 சதவிகிதம் பேர் 0.9-க்குக் கீழே இருந்தார்கள். நியோஸ்டிக்மினில் இருந்த 23.9 சதவிகிதத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் பூஜ்யம் இல்லை.

பெரிய ஆய்வுகள் ஒரே குரலில் பேசவும் இல்லை. ஐரோப்பாவின் 28 நாடுகளில் 22,000-க்கும் அதிகமானவர்களைப் பார்த்து 2019-ல் வெளியான 'பாப்புலர்' ஆய்வில், தசை முடக்கி வாங்கியவர்களுக்கு நுரையீரல் சிக்கல்கள் அதிகம் என்று வந்தது. ஆனால் மானிட்டரோ, எடுக்கும் மருந்தோ அதைக் குறைத்ததாகத் தெரியவில்லை. அடுத்த வருஷமே அமெரிக்காவில் 12 மருத்துவமனைகளின் 45,000-க்கும் மேற்பட்ட கேஸ்களைப் பார்த்த 'ஸ்ட்ராங்கர்' ஆய்வு, நியோஸ்டிக்மினைவிட சுகமாடெக்ஸ் வாங்கியவர்களுக்கு நுரையீரல் சிக்கல் சுமார் 30 சதவிகிதம் குறைவு என்றது. 4.8-லிருந்து 3.5 சதவிகிதம். இரண்டுமே நடந்ததைப் பதிவு செய்த ஆய்வுகள். குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தவை இல்லை. மணிக்கட்டில் மானிட்டர் ஒட்டியிருப்பதும், அதன் எண் 0.9 ஆகும்வரை காத்திருப்பதும் வேறு வேறு. முதலாவதை மட்டும் கணக்கெடுத்தால் பலன் தெரியாமல் போவதில் ஆச்சரியம் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

2023-ல் அமெரிக்க மயக்கவியல் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல் இதில் தெளிவாக இருக்கிறது. எண்ணாகக் காட்டும் கருவி, கட்டை விரல் தசையில் அளவீடு, 0.9 வந்த பிறகே டியூப். முடக்கம் ஆழமாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் சுகமாடெக்ஸ். முடக்கம் மிகக் குறைவாக மிச்சம் இருந்தால் நியோஸ்டிக்மினும் ஒரு நியாயமான மாற்று என்று அது சொல்வதைக் கவனியுங்கள். அது 'மிகக் குறைவு' என்று கருவி இல்லாமல் எப்படித் தெரியும்? ஆக, மலிவான மருந்தைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தவும் கருவி வேண்டும். விலை உயர்ந்த மருந்தை வீணாக்காமல் இருக்கவும் கருவி வேண்டும். கருவி ஒரு முறை வாங்குவது, மருந்து ஒவ்வொரு நோயாளிக்கும் வாங்குவது. பட்ஜெட் இறுக்கமான மருத்துவமனை முதலில் எதை வாங்க வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை.

"இருபது வருஷமா இப்படித்தான் பண்றேன், ஒரு கேஸ்கூட பிரச்னை ஆனதில்ல" என்று சொல்லும் சீனியர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. எச்சில் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாக மாறுவது மூன்றாம் நாள், வார்டில். அப்போது ஃபைலைப் பார்ப்பவர் வேறு டாக்டர். 'குண்டான ஆள், அதான் நெஞ்சுச் சளி' என்று காரணம் நோயாளியின் எடை மேலேயே எழுதப்பட்டுவிடும். தியேட்டரில் மிச்சமிருந்த மருந்து அந்தக் கணக்கில் வராது.

சுகமாடெக்ஸுக்கும் பக்கவிளைவுகள் இருக்கின்றன. அரிதாகக் கடுமையான ஒவ்வாமை, திடீரென இதயத் துடிப்புக் குறைவது. சிறுநீரகம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை.

பெண்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றும் இருக்கிறது. இந்த வடையின் ஓட்டைக்குள் கருத்தடை மாத்திரையிலுள்ள ஹார்மோனும் ஓரளவு மாட்டிக்கொள்ளும். ஒரு நாள் மாத்திரை போட மறந்ததற்குச் சமம் என்று மருந்துக் குறிப்பே சொல்கிறது. ஹார்மோன் கருத்தடை எந்த வடிவில் பயன்படுத்தினாலும், ஆபரேஷனுக்குப் பிறகு 7 நாள் காண்டம் போன்ற ஹார்மோன் இல்லாத முறையையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். இதை டிஸ்சார்ஜ் நேரத்தில் பெண்களிடம் சொல்லாமல் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. கல்யாணம் ஆச்சா, ஆகலையா என்று பார்த்துச் சொல்வதும் கூடாது. எல்லோரிடமும் சொல்ல வேண்டும்.

நீங்கள் என்ன கேட்கலாம்?

ஆபரேஷனுக்கு முன் 'ஃபிட்னஸ்' பார்க்க மயக்க டாக்டரிடம் அனுப்புவார்கள். பெரும்பாலும் பத்து நிமிஷம். பி.பி., சுகர், ஈ.சி.ஜி., கையெழுத்து என்று முடிந்துவிடும். அந்தப் பத்து நிமிஷத்தில் உங்கள் குறட்டையைப் பற்றி வெட்கப்படாமல் சொல்லுங்கள். கூட வருபவர் சொன்னால் இன்னும் நல்லது, ஏனென்றால் கேட்டவர் அவர்தான். எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். 'போன வருஷ வெயிட்' வேண்டாம், அன்றைக்கே மெஷினில் ஏறுங்கள். வீட்டில் சி-பேப் மெஷின் இருந்தால் ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.

பிறகு இப்படிக் கேளுங்கள்: "டாக்டர், மசில் ரிலாக்ஸன்ட் போடுவீங்களா? டியூப் எடுக்கறதுக்கு முன்னாடி டி.ஓ.எஃப். மானிட்டர்ல பார்ப்பீங்களா?" சிலர் ஆச்சரியப்படுவார்கள். சிலருக்குப் பிடிக்காமலும் போகலாம். நல்ல மயக்க டாக்டர், கேட்டதற்குச் சந்தோஷப்படுவார்; கருவி வாங்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்க அவருக்கு அது ஒரு காரணமாகவும் இருக்கும். மருந்தின் பெயரைச் சொல்லி 'இதைத்தான் போடணும்' என்று அடம்பிடிக்க வேண்டாம், அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர். எண்ணைப் பார்ப்பார்களா என்று கேட்பது உங்கள் உரிமை.

டிஸ்சார்ஜ் ஆகும்போது, எந்தத் தசை முடக்கி, எடுக்க என்ன மருந்து, எவ்வளவு டோஸ், டியூப் எடுக்கும்போது எண் எவ்வளவு என்று சம்மரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரே வரிதான். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ரத்தக் கசிவு மாதிரி ஏதாவது காரணத்துக்காக 24 மணி நேரத்துக்குள் மறுபடியும் தியேட்டருக்குப் போக நேர்ந்தால், முதலில் கொடுத்த சுகமாடெக்ஸ் உடம்பில் இன்னும் இருக்கலாம். அப்போது ரோகுரோனியம் எதிர்பார்த்தபடி வேலை செய்யாது, வேறு வகை மருந்துக்குப் போக வேண்டியிருக்கும். நைட் டியூட்டியில் வரும் இன்னொரு மயக்க டாக்டருக்கு அது தெரிய வேண்டுமானால், அந்த ஒரு வரி கேஸ் ஷீட்டில் இருந்தாக வேண்டும்.